மிஸ் குழந்தையின் விம்மல்

மலாயாவின் கெடாவில் குழந்தைவேலுவைவிட நன்றாகப் பாடக்கூடிய ஆள் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரும் குழந்தைவேலுதான். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்பதை அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். "ஊருல ஒருத்தன் இன்னொருத்தங்கிட்ட தோப்பான். நான் எங்கிட்டயே தோத்தவன். அதுவும் பொம்பளையா இருந்த எங்கிட்ட," என்பார்.

கோலா கெத்திலுக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தோட்டத்துக்குத் துரைமார் வைத்த பெயர் வேறு. தமிழர் வாயில் அது செம்மண் தோட்டம். அங்கே குழந்தைவேலு காலையில் ரப்பருக்காகப் பால்மரம் வெட்டுவார். வெட்டிக்கொண்டே பாட்டுக் கட்டுவார். எழுதி வைக்கும் பழக்கம் கிடையாது. ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடக்கிற நடைதான் தாளம் என்பதால் அவர் பாட்டெல்லாம் ஒரே தாளத்தில் இருக்கும். மேட்டுக்காட்டில் வெட்டு கிடைத்த மாதங்களில் கட்டிய பாட்டுகளுக்கு மட்டும் நடுவில் மூச்சு வாங்கும்.

கல்யாணம், காதுகுத்து, தீமிதி என்று எங்கே கூப்பிட்டாலும் போவார். கூப்பிடாத இடத்துக்கும் இரண்டொரு தடவை போயிருக்கிறார். டோலக் அடிக்கப் பக்கத்து வீட்டுப் பிச்சை கூடவே வருவான். செர்டாங்கில் ஒரு கல்யாண வீட்டில் மூன்றாவது பாட்டு நடக்கும்போது பெண்ணின் மாமா எழுந்து வந்து, "அண்ணே, சனங்க மொதல்ல சாப்பிடட்டும், அப்புறம் பாத்துக்குவோம்" என்று மரியாதையாகச் சொன்னார். சாப்பிட்டார்கள். பந்தல் பிரிக்க ஆள் வந்தார்கள். இவர்கள் இருவரும் அந்த 'அப்புற'த்துக்காக இன்னும் உட்கார்ந்திருந்தார்கள். கோத்தா கோலா மூடாவில் கோயில் திருவிழா. அதுவரை அவர் பார்த்திராத கூட்டம். இரண்டாவது பாட்டில் குரல் நன்றாக ஏறியபோது கடலில் போன படகுகள் திரும்பிவிட்டன. கூட்டம் அப்படியே ஆற்றுமுகத்துக்கு ஓடியது. மிஞ்சியது பிச்சையும் ஒரு பூனையும். மீன் வாசனை எட்டியதும் பூனையும் போய்விட்டது.

"பிச்சையும் போயிருப்பான். டோலக்கு வாரு அவன் கழுத்துல மாட்டியிருந்துச்சு," என்று குழந்தைவேலு இதைச் சொல்லும்போதெல்லாம் முடிப்பார்.

சண்டை வருவதற்குச் சில வருஷம் முன்னால் பினாங்கிலிருந்து ஒரு செய்தி வந்தது. பாட்டைத் தட்டில் பிடிக்கிற கம்பெனி ஒன்று வந்திருக்கிறது, உள்ளூர்ப் பாடகர் வேண்டுமாம். குழந்தைவேலு தீபாவளி வேட்டியைக் கட்டிக்கொண்டு ரயிலேறினார். பிச்சைக்கு அந்த வாரம் காய்ச்சல். "எனக்குச் சொகமாகட்டும், சேர்ந்து போவோம்" என்று பிச்சை எவ்வளவோ சொன்னான். கம்பெனிக்காரன் காத்திருக்க மாட்டான் என்று இவர் தனியாகக் கிளம்பிவிட்டார். கம்பெனியிடம் தபலாவும் ஆர்மோனியமும் ஏற்கெனவே இருந்ததால் பிச்சையின் தேவையும் இல்லாமல் போனது. அதைப் பிச்சை மறக்கவில்லை.

பினாங்கில் ஒரு ஹோட்டல் மேல்மாடி. தெருச் சத்தம் வராமலிருக்க ஜன்னல், கதவு, சுவர் எல்லாவற்றிலும் கம்பளி தொங்கவிட்டிருந்தார்கள். அடுப்புக்குள் நிற்பதுபோல இருந்தது. வெள்ளைக்கார இன்ஜினியர் விரலை உயர்த்தியதும் பாட வேண்டும், தாழ்த்தியதும் நிறுத்த வேண்டும். நடுவில் தும்மினால் மெழுகுத் தட்டு வீண், இரண்டாவது தட்டு கிடையாது என்று சொல்லியிருந்தார்கள்.

அவர் பாடியது கணவனுக்காகக் காத்திருக்கும் பெண் பாடுவதாகக் கட்டிய பாட்டு.

பால் வடியுது பால் வடியுது பச்ச மரத்துல – என்
பாவி மனசு காத்திருக்கு லயத்து வாசல்ல
அந்தி சாஞ்சு போச்சு மச்சான் ஆளக் காணல – இந்த
அடுப்பெரிஞ்சு என்ன செய்ய ஆருமில்லாம?

நன்றாகவே பாடினார். ஆனால் 'ஆளக் காணல' என்று நீட்டிய இடத்தில் கம்பளித் தூசி தொண்டையில் போனது. வந்த இருமலை அவர் பாதி விழுங்கினார். மீதிப் பாதி தட்டில் ஏறிவிட்டது. இன்ஜினியர் முகத்தைச் சுளித்தார், ஆனாலும் நிறுத்தவில்லை.

வெளியே வந்ததும் குமாஸ்தா ஒருவன் பெயர் கேட்டான். இந்தக் கேள்விக்காகக் குழந்தைவேலு ரயிலிலேயே தயாராகி வந்திருந்தார். பெரிய பாடகர்களுக்கெல்லாம் பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்து இருப்பதை அவர் பார்த்திருக்கிறார். அப்பா பெயர் சின்னான்; அதற்கு ஓர் 'எஸ்'. பிறந்தது மூடா ஆற்றங்கரை. அதற்கு ஓர் 'எம்'.

"எம்.எஸ். குழந்தை..." என்று தொடங்கினார். விழுங்கிய பாதி இருமல் அப்போது திரும்பி வந்தது. அது அடங்கி 'வேலு' என்று சொல்வதற்குள் குமாஸ்தா அடுத்த ஆளிடம் போய்விட்டான்.

தட்டு இந்தியாவுக்குப் போய் அச்சாகிக் கப்பலில் திரும்பியது. நடுவில் ஒட்டியிருந்த வட்டக் காகிதத்தில் தங்க எழுத்தில் இப்படிப் போட்டிருந்தது: மிஸ் குழந்தை.

"ஆத்துப் பேரை முன்னால போட்டது என் தப்பு," என்பார் குழந்தைவேலு. "மூடான்னு எம் பேருக்கு முன்னால நானே போட்டுக்கிட்டேன். ஆத்தச் சொன்னேனா என்னையச் சொன்னேனான்னு அந்தக் கம்பெனிக்காரனுக்கு எப்படித் தெரியும்?"

செம்மண் தோட்டத்தில் கிராமபோன் வைத்திருந்தவர் பெரிய கிராணி அருளம்பலம் ஒருவர்தான். யாழ்ப்பாணத்துக்காரர். ஆள் பெயர் பதிகிறவர், வெட்டுக்காடு பிரித்துக் கொடுக்கிறவர், துரைக்கு அடுத்தபடி அவர்தான். அந்தப் பெட்டியை அவர் யாரையும் தொடவிடமாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சுங்கை பட்டாணியிலிருந்து புதுத் தட்டு வாங்கிவந்து ஆபீஸ் வராந்தாவில் போட்டார். தொழிலாளர் குடியிருந்த லயமே கூடிநின்று கேட்டது. குயில் மாதிரி ஒரு பெண் குரல். கீச்சென்று, தேனாக, வேகமாக. 'ஆளக் காணல' என்ற இடத்தில் அந்தக் குரல் உடைந்து சின்னதாக விம்மியது. கிராணியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாரும், அந்தப் பிள்ளை எப்படி அழுகுது! பாடேக்கை உண்மையா அழுதிருக்குது!"

"கிராணி ஐயா," என்று குழந்தைவேலு முன்னால் வந்தார். "இது நான் பாடுனது."

கூட்டம் சிரித்த சிரிப்பில் வராந்தாத் தகரம் அதிர்ந்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவன் பிச்சை.

"பினாங்குக்குப் போனியே, பாட்டுப் பாடத்தானா போன? இல்ல, இந்தப் பொண்ணு பாடுறத ஜன்னல் வழியா பாத்துட்டு வந்தியா?"

அன்றைக்கு வீட்டுக்குப் போய் மனைவி மருதம்மாளிடம் முறையிட்டார். அவள் கிழங்கு சீவிக்கொண்டே கேட்டாள். "ஏங்க, ஒங்க கொரலு எனக்குத் தெரியாதா? அது இப்படி இருந்திருந்தா நான் ஏன் பாதிப் பாட்டுல தூங்குறேன்?"

குழப்பம் எதனால் என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. சுங்கை பட்டாணியில் ஒரு காப்பிக் கடையில் அதே தட்டு ஓடியது. அங்கே அது அவர் குரலாகவே இருந்தது. குயில் இல்லை, தொண்டையடைத்த ஆண் குரல். ஒரு காப்பியை வைத்துக்கொண்டு பொழுது சாய்கிறவரை சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "இந்தப் பொம்பளைக்குச் சளி புடிச்சிருக்கும்போல," என்றார் கடைக்காரர். அப்போதுதான் புரிந்தது: கிராணியாரின் பெட்டி கோளாறு. தட்டு சுற்றவேண்டிய வேகத்தைவிட ஓடிச் சுற்றுகிறது. அந்த ஓட்டத்தில் ஆண் பெண்ணாகிறான், இருமல் விம்மலாகிறது.

ஆனால் கிராணியாரிடம் போய் உங்கள் கிராமபோன் கெட்டுப்போனது என்று யார் சொல்வது? அந்தப் பெட்டியைப் பற்றி ஒரு சொல் சொன்னால் அடுத்த மாதம் வெட்டு எங்கே கிடைக்கும் என்று குழந்தைவேலுவுக்குத் தெரியும். மேட்டுக்காட்டில்தான். அவர் வாயை மூடிக்கொண்டார்.

அதன்பிறகு அவருக்குப் போட்டி வந்தது. காகிதத்தில் மிஸ் என்று இருந்ததால், எந்தப் பெட்டியில் கேட்டாலும் சனங்களுக்கு அது பொம்பளைக் குரல்தான். எந்த ஊருக்குப் பாடப் போனாலும், "மிஸ் குழந்தை பாட்டு ஒண்ணு பாடுங்கண்ணே" என்பார்கள். பாடுவார். முடித்ததும், "பரவால்ல, ஆனா அந்தப் பொண்ணு மாதிரி வரல" என்பார்கள். கூலிமில் ஒரு பெரியவர் தோளில் கை போட்டு ஆறுதலே சொன்னார்: "மனசு விட்டுறாதப்பா. அவ பொறவிப் பாடகி."

பிறகு ஜப்பான்காரன் வந்தான். துரை சொல்லாமல் கொள்ளாமல் சிங்கப்பூர் பக்கம் காரில் போய்விட்டார். ரப்பர் வாங்க ஆளில்லை. மரவள்ளி நட்டார்கள், மரவள்ளி தின்றார்கள். கட்டியிருந்த துணி நைந்து சாக்குக்கு வந்தார்கள். வெள்ளைக்காரன் சாமான் வைத்திருக்கக் கூடாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அருளம்பலம் கிராமபோனையும் தட்டுகளையும் புகைக்கூடத்தில் ரப்பர்ப் பாளங்களுக்கு இடையில் மறைத்து வைத்தார். கல்யாணங்கள் பாட்டில்லாமல் நடந்தன. குழந்தைவேலு தனக்குத்தானே பாடிக்கொண்டார். ரசிகர் தொகை பெரிதாகக் குறைந்துவிடவில்லை என்று இதையும் சொல்வார்.

சயாமில் ரயில் பாதை போட ஆள் கேட்டு லாரி வந்தது. கொஞ்ச நாள் வேலை, அரிசி உண்டு, துணி உண்டு என்றார்கள். அரிசி என்ற சொல்லுக்காகவே பிச்சை ஏறினான். பகல் வெயிலில், டோலக்கைக் குழந்தைவேலு கையில் கொடுத்துவிட்டு ஏறினான்.

"வச்சிரு. அரிசி தின்னு கொழுத்து வந்து வாங்கிக்கிறேன். நீ அடிக்காத, ஒனக்குத் தாளம் வராது."

கொஞ்ச நாள் பல மாதமாயிற்று. போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. வேறு தோட்டத்திலிருந்து ஒருவன் தப்பி வந்து, அங்கே காலராவில் ஆட்கள் விழுகிறார்கள், விழுந்த இடத்திலேயே குழி என்று சொன்னான். பிச்சையின் மனைவி ராக்காயி அதைக் கேட்டுவிட்டு எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள். வைப்பதற்கு ஒன்றும் இல்லாத அடுப்பு.

அடுத்த லாரிக்கு ஆள் சொல்லி அனுப்பினார்கள். இம்முறை யாரும் தானாக ஏறப்போவதில்லை என்பதால் கிராணியே பெயர் குறித்தாக வேண்டும். குழந்தைவேலுவின் பெயர் அதில் இருந்தது. அருளம்பலம் அதை நேரிலேயே சொன்னார். முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"என்ன செய்யிறது வேலு. ஆக்கள் காணாது. பிள்ளைகுட்டி இல்லாத ஆக்களைத்தான் முதல் போட்டனான்."

அந்தச் சமயத்தில்தான் சுங்கை பட்டாணிப் பிரசார ஆபீஸிலிருந்து ஒரு ஜப்பான் அதிகாரி தோட்டத்தைச் சோதிக்க வந்தான். புகைக்கூடத்தில் பாளங்களைப் புரட்டியபோது கிராமபோன் வெளியே வந்தது. அதிகாரி கோபப்படவில்லை. மேலே இருந்த தட்டைப் போடச் சொன்னான். ஊசி ஏது? எலுமிச்சை முள் ஒன்றைச் சீவிச் செருகினார்கள். மிஸ் குழந்தை பாடினாள். பல மாதம் புகையில் ஊறியும் குரல் கெடவில்லை. விம்மும் இடம் வந்ததும் அதிகாரி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான்.

"மானா பெரம்புவான் இனி?" இந்தப் பெண் எங்கே என்று மலாயில் கேட்டான். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட அவன் ஒரு பாட்டுக் குழு சேர்த்துக்கொண்டிருந்தான். குழுவில் இருப்பவருக்கும் வீட்டாருக்கும் அனுமதிச் சீட்டு உண்டு, சயாமுக்கு அனுப்பமாட்டார்கள். அடுத்த வாரம் லாரியோடு வருவேன், அதற்குள் அவளைக் கண்டுபிடித்து வை என்று அருளம்பலத்திடம் சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் காலை பெயர் கூப்பிடும் பெரட்டில் ஆட்கள் வரிசையாக நின்றபோது கிராணியார் கேட்டார்: மிஸ் குழந்தை எந்த ஊர், யாருக்காவது தெரியுமா?

குழந்தைவேலு கை தூக்கினார். பட்டினியிலும் பெரட்டு சிரித்தது.

"இன்னும் இந்த விசர்க்கதையை விடேல்லையோ நீர்?" என்றார் கிராணியார்.

குழந்தைவேலு வீட்டுக்கு வந்து, எல்லாம் அவ்வளவுதான் என்றார். மருதம்மாள் இப்போது சிரிக்கவில்லை.

"அது நீங்கதான?"

"நாந்தான்."

"நெசமா?"

"அந்த விம்மல் இருக்குல்ல, அது இருமல். கம்பளித் தூசி."

கம்பளித் தூசியைப் பொய்யாகக் கற்பனை செய்யும் அளவுக்குத் தன் புருஷனுக்குத் திறமை கிடையாது என்பது அவளுக்குத் தெரியும்.

"அப்பப் போயி அத நிரூபிங்க. பொம்பளப் பேருன்னா என்ன? பேரு எப்படியோ போவட்டும், ஆளு எனக்கு வேணும்."

"பெட்டி கெட்டுப் போச்சுன்னு கிராணியார்ட்ட சொல்லணுமே."

"சொல்லுங்க. மேட்டுக்காட்ட விட மோசமான எடத்துக்குத்தான் இப்ப அனுப்பப் போறாரு."

லாரி வந்தது. ஆபீஸ் வராந்தாவில் நாற்காலி போட்டு அதிகாரி உட்கார்ந்தான். மேசையில் கிராமபோன். பெண் கிடைக்கவில்லை என்று சொல்ல வாய் வராமல் அருளம்பலம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். லாரியில் ஏறவேண்டியவர்கள் மூட்டையோடு வரிசையில் இருந்தார்கள். ராக்காயியும் மருதம்மாளும் பெண்கள் கூட்டத்தில். குழந்தைவேலு மூட்டையைக் கீழே வைத்துவிட்டு வரிசையிலிருந்து வெளியே வந்தார்.

"ஐயா, மிஸ் குழந்தையக் கொண்டாந்துட்டேன்."

கிராணியார் முகம் மலர்ந்தது. "எங்கை, எங்கை?"

"இந்தா நிக்கிறேனே."

கிராணியார் மலர்ந்த முகத்தை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். அதற்குள் அதிகாரி என்னவென்று கேட்டுவிட்டான். இங்கிலீஷில் சொல்லித்தான் ஆகவேண்டும். சொன்னார். அதிகாரி குழந்தைவேலுவை மேலும் கீழும் பார்த்தான். சாக்குத் துணி, மூன்று நாள் தாடி, மரவள்ளி தின்ற வயிறு. பாடு என்று கை காட்டினான்.

குழந்தைவேலு வாழ்க்கையில் எத்தனையோ மோசமான கச்சேரி செய்திருக்கிறார். அத்தனையையும் மிஞ்சியது அது. பயத்தில் 'பால் வடியுது' என்பதே தவளைச் சத்தமாக வந்தது. லாரி டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்தான்.

"நோ," என்று அதிகாரி எழுந்தான்.

"ஐயா!" குழந்தைவேலு கத்தினார். அந்தக் கத்தல் நல்ல சுருதியில் இருந்தது என்று பிற்பாடு சொல்வார். "கிராணி ஐயா, உங்க மிஷினு ஓட்டம் சரியில்லங்கய்யா. அது கூட ஓடுது. வாங்குன நாள்லேருந்தே கோளாறு."

கிராணியாரின் பயம்கூட ஒரு கணம் நின்றுபோனது.

"என்ர மிசினோ? ஐசே, இது பினாங்கில நானே தெரிஞ்செடுத்து வாங்கினது! யாரைப் பாத்து..."

"தட்டப் போடுங்க ஐயா. ஒரே ஒரு தடவ. பொறவு என்னைய லாரியில ஏத்துங்க."

அதிகாரி தலையசைத்தான். சாவி முறுக்கி, எலுமிச்சை முள்ளை வைத்தார்கள். முள்ளில் சத்தம் குறைவு. எல்லாரும் மூச்சை அடக்கி முன்னால் சாய்ந்தார்கள். குயில் பாடத் தொடங்கியது. குழந்தைவேலு படியேறி, சுற்றுகிற தட்டின் விளிம்பில் சுட்டுவிரலை மெல்ல வைத்தார்.

குயில் கனத்தது. கீச்சு இறங்கியது. தேன் கெட்டியாகிக் கருப்பட்டியானது. மிஸ் குழந்தை அங்கே எல்லார் கண்ணெதிரிலும், காதெதிரிலும், தாடி வைத்த ஓர் ஆளாக மாறினாள். 'பாவி மனசு காத்திருக்கு' என்று தட்டு பாட, அதே சுருதியில், அதே மூச்சில் குழந்தைவேலு கூடச் சேர்ந்து பாடினார். இப்போது பயம் போய்விட்டது. தன்கூடத் தானே பாடுவது சுலபமாகத்தான் இருந்தது. 'ஆளக் காணல' வந்தது. தட்டும் அவரும் ஒரே சமயத்தில் இருமினார்கள்.

யாரும் சிரிக்கவில்லை. லாரி பக்கத்தில் நின்றதால் சிரிப்பு வரவில்லை.

அருளம்பலம் மட்டும் மெதுவாகக் கேட்டார். "அப்ப... அது விம்மல் இல்லையோ?"

"இருமல் ஐயா. கம்பளித் தூசி."

கிராணியார் படியில் உட்கார்ந்துவிட்டார். "இவ்வளவு காலமும் ஐசே," என்றார். "இவ்வளவு காலமும் நான் உமக்காகவோ அழுதனான்?"

அதிகாரி குழந்தைவேலுவின் விரலைப் பிடித்துத் தட்டிலிருந்து தூக்கினான். பெண் பாடினாள். தன் விரலை வைத்தான். ஆண் பாடினான். எடுத்தான், வைத்தான். பாட்டு முடியும்வரை எடுத்தும் வைத்தும் விளையாடிவிட்டுக் கடைசியில் ஓவென்று சிரித்து, மலாயில் மெச்சினான்.

"பாகுஸ்! பாகுஸ்!"

அவருக்கும் மருதம்மாளுக்கும் அனுமதிச் சீட்டு கிடைத்தது. லாரி புறப்பட்டபோது அவர் உட்கார வேண்டிய இடத்தில் ஒரு மூட்டை மரவள்ளியை ஏற்றியிருந்தார்கள். "என் எடத்த நிரப்ப அது போதும்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு," என்பார். ஆனால் லாரியில் இருந்தவர்களின் முகங்களைப் பற்றி அவர் ஒருபோதும் வேடிக்கையாகப் பேசியதில்லை. பேசியதே இல்லை.

ஒரு நிபந்தனை இருந்தது. சனங்களுக்கு மிஸ் குழந்தைதான் வேண்டும், இந்தத் தாடிக்காரன் வேண்டாம் என்றான் அதிகாரி. ஆகவே மேடையில் ஒரு திரை. திரைக்குப் பின்னால் நின்று கள்ளக்குரலில், கிராணியாரின் கெட்டுப்போன பெட்டி எப்படிப் பாடியதோ அப்படியே, குழந்தைவேலு பாடினார். சுங்கை பட்டாணி, கூலிம், பாலிங் என்று போன இடமெல்லாம் கூட்டம். அவர் வாழ்நாளில் முதல்முறையாக ஒருவரும் பாதியில் எழுந்து போகவில்லை. கூச்சத்தைப் போக்க ஒருதரம் அதிகாரியிடம் கெஞ்சி, திரைக்கு முன்னால் வந்து சொந்தக் குரலில், சொந்தப் பெயரில் ஒரு பாட்டு எடுத்தார். இரண்டு வரி தாண்டவில்லை.

"யோவ், உள்ள போய்யா! அந்தப் பொண்ணப் பாடச் சொல்லு!"

உள்ளே போனார். அந்தப் பொண்ணு பாடினாள். கைதட்டல் ஓயவில்லை.

ரசிகர்கள் திரைக்கு அடியில் பரிசு தள்ளுவார்கள். ஊரே சவுக்காரம் இல்லாமல் சாம்பலில் துணி துவைத்த காலத்தில், எந்த மகராசனோ மிஸ் குழந்தைக்கு ஒரு முழுக் கட்டிச் சவுக்காரம் கொடுத்தான். மருதம்மாள் அதை மூக்கில் வைத்து மூக்கில் வைத்துத் துவைத்தாள். "இந்தப் பொம்பளைய எனக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சுங்க. இவளயே வச்சுக்குங்க," என்றாள்.

அந்த வருஷக் கடைசியில் ஜப்பான்காரன் கெடா முழுவதையும் எடுத்துச் சயாமுக்குக் கொடுத்துவிட்டான். கொடி மாறியது. குழந்தைவேலு தலையில் கை வைத்துக்கொண்டார். "சயாமுக்குப் போகக் கூடாதுன்னு பொம்பளக் கொரல்ல கத்திக்கிட்டுத் திரைக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கேன். சயாம் என்னையத் தேடிக்கிட்டு லயத்துக்கே வந்துருச்சு."

சண்டை முடிந்தது. போனவர்களில் சிலர் திரும்பினார்கள். பெரும்பாலானவர்கள் திரும்பவில்லை. ஒரு சாயங்காலம், பெரட்டுக்கு ஆள் கூடும் இடத்தில் லாரியிலிருந்து ஒருவனை இறக்கினார்கள். இறங்கியவன் பிச்சைதான் என்று குழந்தைவேலு அடையாளம் கண்டது குரலால்.

"டோலக்க அடிச்சியா?"

"தொடவே இல்லடா."

"நல்ல காரியம்."

கிழங்கு அவித்து வைத்துக்கொண்டு ராக்காயி எதிரே உட்கார்ந்திருந்தாள். பிச்சை கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றான். காலில் புண், பேச்சில் அடிக்கடி நிறுத்தம். லயத்து ஆட்கள் வாசலில் கூடிநின்றார்கள். அங்கே நடந்ததை யாரும் கேட்கவில்லை. அவனாகத்தான் எடுத்தான்.

"அங்க தைப்பிங் பக்கத்துப் பையன் ஒருத்தன் எங்க கொட்டாயில இருந்தான். படுத்துக்கிட்டே பாடுவான். அந்தப் பொம்பள பாட்டு. நீகூட ஒன் பாட்டுன்னு சொல்லிக்கிட்டுத் திரிவியே, அதான்."

"ஆமா."

"'அடுப்பெரிஞ்சு என்ன செய்ய'ன்னு வரும்ல. அதக் கேட்டா ராக்காயி அடுப்பு ஊதுறது அப்படியே கண்ணு முன்னால வரும். சரி, நாளைக்கும் எந்திரிப்போம்னு தோணும். கொட்டாயி மொத்தமும் அந்த விம்மல் எடத்துல விம்மும். அந்தப் பையன் போயிட்டான். அப்புறம் நான் பாடுனேன்." பிச்சை கிழங்கைக் கீழே வைத்தான். "அந்தப் பொம்பள எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும். பாத்தா கால்ல விழுவேன்."

வாசலில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தட்டும் விரலும் எல்லாருக்கும் தெரியும். பிச்சைக்கு மட்டும் தெரியாது. ராக்காயி வாயைத் திறந்தாள். குழந்தைவேலு அவளைப் பார்த்து வேண்டாமென்று தலையசைத்தார். இத்தனை வருஷமும் இந்த ஒருவன் நம்பவேண்டும் என்பதற்காக அவர் என்னவெல்லாமோ செய்து பார்த்திருக்கிறார். இப்போது சொன்னால் நம்புவான். சாட்சிக்கு ஒரு லயமே நிற்கிறது. ஆனால் அந்தக் கொட்டகையில் படுத்திருந்தவர்களுக்குத் தாடி வைத்த ஒரு ஆளா பாடினான்? கம்பளித் தூசிக்கா அவர்கள் விம்மினார்கள்?

பிச்சை கேட்டான். "ஒனக்குத்தான் பாட்டுக்காரங்களத் தெரியுமே. அவ உசுரோட இருக்காளா?"

"இருக்கா," என்றார் குழந்தைவேலு. "நல்லாத்தான் இருக்கா. கொஞ்சம் இருமல்தான்."